புனித மாற்குவின் கல்லறை: வெனிஸ் போகிறவர்களுக்கு

கேள்வி: ஏப்ரல் 25 அன்று பெற்றோருடன் வெனிஸில் இருப்போம்; தங்குவது மெஸ்த்ரேயில். மாற்கு நற்செய்தியாளரின் உடல் உண்மையில் வெனிஸில்தான் உள்ளதா, எகிப்திலா? வெனிஸில் கல்லறை முன் செபிக்க முடியுமா?

பதில்: உடல் வெனிஸில், தலை அலெக்சாந்திரியாவில், சிறு பகுதி கெய்ரோவில். அந்தந்தத் திருச்சபையின் மரபு இப்படித்தான் சொல்கிறது. மாற்கு அலெக்சாந்திரியாவின் முதல் ஆயர் என்றும், 68இல் கழுத்தில் கயிறு கட்டித் தெருவில் இழுத்துக் கொல்லப்பட்டார் என்றும் எகிப்தின் பழமையான திருச்சபையைச் சேர்ந்த காப்டிக் கிறிஸ்தவர்கள் நம்புகிறார்கள். 828இல் இரண்டு வெனிஸ் வணிகர்கள் அலெக்சாந்திரியாவிலிருந்து உடலைக் கடத்தினார்கள். துறைமுகக் காவலர்கள் கிட்டே வராதபடி மேலே பன்றி இறைச்சியைப் பரப்பினார்களாம். திருட்டுதான், ஆனால் வெனிஸ் அதை மறைக்கவில்லை, புனித மாற்கு பேராலயத்தின் மொசைக் (சிறு வண்ணக் கற்களைப் பதித்த ஓவியம்) சுவர்களிலேயே பெருமையாகப் பதித்து வைத்திருக்கிறது. முகப்பின் இடது ஓரத்து வாசலுக்கு மேலே பாருங்கள்: உடலை ஆலயத்துக்குள் சுமந்து வரும் காட்சி, 13ஆம் நூற்றாண்டு வேலை. முகப்பில் அந்தக் காலத்து மொசைக் அது ஒன்றுதான் மிச்சம்.

கல்லறையைத் தேடுபவர்கள் தவறவிடுவது இங்கேதான். எல்லோரும் தங்கக் கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நகர்ந்துவிடுகிறார்கள். கல்பேழை இருப்பது நடுப்பீடத்தின் அடியில். செதுக்கு வேலை நிறைந்த நான்கு தூண்கள் தாங்கும் விதானத்தை அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். முன்பு நிலவறையில் இருந்த திருப்பண்டம், அதாவது புனிதரின் உடல் எச்சம், 1835இல்தான் பீடத்துக்கு வந்தது. அதன் பின்புறம் இருக்கும் பொற்பலகை, 'பாலா தோரோ', பார்க்கத் தனிக் கட்டணம்.

செபிக்க மட்டும் வருகிறவர்கள் சுற்றுலா வரிசையில் நிற்க வேண்டாம். ஆலயத்தின் வடபக்கம், கல் சிங்கங்கள் இருக்கும் சிறு சதுக்கத்தில் தனி வாசல் உண்டு. திருப்பலிக்கும் செபத்துக்கும் கட்டணம் இல்லை; ஆனால் அந்த வழியாக வந்தால் ஒதுக்கிய பகுதியைத் தாண்டிச் சுற்றவோ படம் எடுக்கவோ முடியாது. தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். முதுகுப்பையோடு வருகிறவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

இனி தேதி. ஏப்ரல் 25 நகரப் பாதுகாவலரின் பெருவிழா. இத்தாலியின் விடுதலை நாளும் அதுவே. அன்று கூட்டம் அலைமோதும், சுற்றுலாப் பார்வை நேரமும் குறையும். பெற்றோரை வைத்துக்கொண்டு மொசைக் பார்க்க 24ஆம் தேதியையும், திருப்பலிக்கு 25ஆம் தேதியையும் வைத்துக்கொள்வது நல்லது. பாஸ்கா எண்கிழமையில், அதாவது உயிர்ப்பு ஞாயிறு தொடங்கி எட்டு நாட்களுக்குள், 25 விழுந்தால் விழா அன்று இராது. 2011இல் அது உயிர்ப்புப் பெருவிழாவின் மறுநாள் திங்களாக அமைந்தது. பாதுகாவலர் விழா கொண்டாடும் ஊரில் அதை எண்கிழமை முடிந்த பிறகு வைப்பார்கள். மற்ற இடங்களில் அந்த ஆண்டு விட்டுவிடுவார்கள். அதனால் டிக்கெட் போடும் முன் உயிர்ப்பு ஞாயிறு என்றைக்கு என்று பார்த்துவிடுங்கள்.

ஒரே நாளில் வந்து திரும்பும் பயணிகளிடம் வெனிஸ் நகராட்சி நுழைவுக் கட்டணம் வாங்கத் தொடங்கியதே 2024 ஏப்ரல் 25 அன்றுதான். எல்லா நாளும் கிடையாது, குறிப்பிட்ட நாட்களில் மட்டும். மெஸ்த்ரேயும் வெனிஸ் நகராட்சிக்குள் வருவதால் அங்கே விடுதியில் தங்கும் உங்களுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் இணையத்தில் பதிந்து விலக்குக் குறியீடு வாங்கிக் கையில் வைத்திருக்க வேண்டும். இதை விட்டுவிட்டால் ரயில் நிலையத்திலேயே சோதனையில் மாட்டுவீர்கள்.

எகிப்துக்கும் போகும் எண்ணம் இருந்தால் தேதியை மாற்றிக் கணக்கிடுங்கள். காப்டிக் நாள்காட்டியில் விழா நமக்கு மே 8. 1968 ஜூனில் திருத்தந்தை ஆறாம் பவுல் திருப்பண்டத்தின் ஒரு பகுதியைக் காப்டிக் திருச்சபையின் தலைவரான திருத்தந்தை ஆறாம் கிரில்லோஸுக்குத் திருப்பிக் கொடுத்தார். அது கெய்ரோ அப்பாசியாவில் உள்ள புனித மாற்கு பேராலய வளாகத்தில் இருக்கிறது. தலையை வைத்திருப்பதாகச் சொல்லும் அலெக்சாந்திரியா பேராலய வாசலில் 2017 குருத்து ஞாயிறன்று குண்டு வெடித்தது. எகிப்தியத் தேவாலய வாசல்களில் சோதனை கடுமையாகவே இருக்கும். பாஸ்போர்ட்டை விடுதியில் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.