மேடையில் ஒரு பேச்சு, லீவு ரிஜிஸ்டரில் ஒரு பேச்சு

கேள்வி (திருப்பூர்): அக்டோபர் 10 உலக மனநல நாளுன்னு எங்க பனியன் கம்பெனியில கவுன்சலரைப் பேச வெச்சு போட்டோ புடிச்சாங்க. அக்கறைதானா, இல்ல ஆர்டர் குடுக்கற பையருக்குக் காட்டவாங்க?

பதில்: ரெண்டும் இருக்கலாமுங்க. பையரோட ஆடிட்டுக்காக ஆரம்பிச்சதும் ஒழுங்கா நடந்தா லாபந்தான். 11-ஆம் தேதி என்ன நடக்குதுன்னு பாருங்க. கவுன்சலர் மாசத்துல எத்தன நாள் வர்றார்? அந்த ரூமுக்கு ஹெச்.ஆர். ஆபீஸைத் தாண்டித்தான் போகணும்னா யாரும் போகமாட்டாங்க. வந்தவங்க பேர் நிர்வாகத்துக்குப் போகக்கூடாது, எண்ணிக்கை மட்டும் போகலாம். அதுவும் செக்‌ஷன் வாரியா வேண்டாம். அஞ்சு பேர் இருக்கிற செக்கிங்கில் "ஒருத்தர்"னு எழுதினாலே ஆள் தெரிஞ்சுடும். பீஸ் கணக்குல கூலி வாங்குற பீஸ் ரேட்டுக்காரர் அரைமணி நேரம் உக்காந்தா அந்தக் கூலி யார் தலையில? ஷிப்மென்ட் வாரத்துல ரெண்டு ஷிப்ட் ஓட்டவெச்சுட்டு நல்லாத் தூங்கச் சொல்றது பேச்சே இல்லைங்க.

கேள்வி (ஈரோடு): பிரபலங்க தனக்கு டிப்ரஷன்னு சொல்றது பேர் வாங்கத்தானே?

பதில்: இந்தி நடிகை தீபிகா படுகோன் 2015-ல சொன்னார், அதே வருசம் மனநலத்துக்காக அறக்கட்டளையும் தொடங்கினார். அவர் மனசுல என்னன்னு அளக்க நம்மகிட்டப் படி இல்லைங்க. கேக்கறவருக்கு என்ன கெடச்சதுன்னுதான் பார்க்கலாம். மனசாரப் பேசுறவராலும் கெடுதல் வரும்: தற்கொலை முயற்சியை விவரிச்சா, ஏற்கெனவே தவிச்சுக்கிட்டு இருக்கறவருக்கு அது ஆபத்து. எப்படி, எங்கேன்னு சொல்லக்கூடாது. "கடனால", "மார்க்கால"ன்னு ஒரே காரணத்துல முடிக்கவும் கூடாது. மனநல உதவிக்கான 14416 இலவச எண்ணைச் சொல்லணும். அங்க தமிழ்லயே பேசலாம்.

கேள்வி (கோபி): மாத்திரையே வேண்டாம், தியானம் போதும்னு ஒருத்தர் பேசினார். மனச்சோர்வுக்குச் சாப்பிடற என் வீட்டுக்காரம்மா நிறுத்தலாமுங்களா?

பதில்: வேண்டாமுங்க. மாத்திரை வேலை செய்ய ரெண்டுலேருந்து நாலு வாரம் ஆகும். குமட்டலோ தலைவலியோ முதல் வாரமே வந்துடும். பலனுக்கு முந்தித் தொந்தரவு தெரியறதாலதான் பலரும் விட்டுடறாங்க. சரியான பிறகும் குறைஞ்சது ஆறு மாசம் தொடரணும். சட்டுனு விட்டா தலைசுத்தும், எரிச்சல் வரும், ஷாக் அடிச்சாப்பல இருக்கும். டாக்டர்தான் படிப்படியா இறக்கணும். தியானம் கூடவே நடக்கட்டும். மேடையில மாத்திரையைத் திட்டிட்டு வாசல்ல தியான முகாமுக்குக் காசு வாங்கி ரசீது போட்டா, அது எதுக்கான பேச்சுன்னு கேக்கவே வேண்டியதில்லை.

கேள்வி (நாமக்கல்): சிகிச்சை எடுத்த எம்பொண்ணைக் காலேஜ் மேடையில பேசச் சொல்றாங்க. பேசலாமுங்களா?

பதில்: வேண்டாம்னா காரணம் கேக்காம விடறாங்களான்னு பாருங்க. ஒத்துக்கிட்டாலும் வீடியோவுக்குத் தனியா சம்மதம் கேக்கச் சொல்லுங்க. மேடைப் பேச்சு அன்னிக்கே கரைஞ்சுடும். வீடியோ, பொண்ணு பாக்க வர்றவங்க கைவரைக்கும் போகும்.