பிரசவத்துக்குப் பிறகு ரத்தப்போக்கு: எவ்வளவு போனால் ஆபத்து, என்ன செய்வார்கள்?

தங்கைக்கு அடுத்த மாதம் பிரசவம், ரத்தப்போக்கை நினைத்தால் பயமாக இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். பிரசவ வார்டில் ஸ்டாஃப் நர்ஸாக வேலை பார்க்கிறேன், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

பிரசவமாகி 24 மணி நேரத்துக்குள் 500 மில்லியோ அதற்கு மேலோ ரத்தம் போனால் அதை அதிக ரத்தப்போக்கு என்று எடுத்துக்கொள்வோம். நிறைமாதத்தில் கர்ப்பப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கு மேல் ரத்தம் ஓடுகிறது. நஞ்சுக்கொடி பிரிந்ததும் அந்த இடத்தில் ரத்தக்குழாய்கள் திறந்து கிடக்கும். கர்ப்பப்பைத் தசை இறுகிச் சுருங்கினால்தான் அவை நெரிந்து அடைபடும். சுருங்காமல் தொளதொளவென்று இருந்தால் ரத்தம் நிற்காது. பத்தில் ஏழு கேஸ் இதுதான். மற்றவை கிழிசல், உள்ளே தங்கிய நஞ்சுக்கொடித் துண்டு, அரிதாக ரத்தம் உறையாத கோளாறு.

கொட்டினால் யாருக்கும் தெரிந்துவிடும். துணியிலும் பஞ்சிலும் ஊறி ஊறிப் போவதுதான் ஏமாற்றும். கண்ணால் பார்த்துச் சொல்கிற அளவு பெரும்பாலும் உண்மையைவிடக் குறைவாகவே இருக்கும். அதோடு, கர்ப்ப காலத்தில் உடம்பில் ரத்தம் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்காகியிருப்பதால், நிறைய ரத்தம் போன பிறகும் பிரஷர் நன்றாகவே காட்டலாம். நாடித்துடிப்புதான் முதலில் ஏறும். அதனால் எனக்கு பிரஷரை விட நாடி மேல்தான் கண்.

அளந்து பார்ப்பதே பாதி வைத்தியம் என்பேன். கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா மருத்துவமனைகளில் நடந்து 2023இல் வெளியான இ-மோட்டிவ் ஆய்வில், சுகப்பிரசவமான தாய்க்கு அடியில் அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் பை வைத்து ரத்தத்தை அளந்தார்கள். அளவு மீறியதும் கர்ப்பப்பை மசாஜ், கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கும் ஆக்ஸிடோசின் மருந்து, உறைந்த ரத்தம் கரையாமல் காக்கும் டிரானெக்ஸாமிக் ஆசிட் மருந்து, டிரிப்ஸ், எங்கிருந்து போகிறது என்ற பரிசோதனை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் செய்தார்கள். ஒரு லிட்டருக்கு மேல் ரத்த இழப்பு, அதற்காக வயிற்றைத் திறக்கும் ஆபரேஷன், மரணம் எல்லாம் சேர்த்து 60 சதவீதம் குறைந்தது. புது மருந்து ஒன்றும் இல்லை, ஒன்றைக் கொடுத்துவிட்டு அடுத்ததற்குக் காத்திருக்காததுதான் வித்தியாசம். டிரானெக்ஸாமிக் ஆசிட்டைப் பிரசவமான 3 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் பலன். இவ்வளவுக்கும் நிற்காவிட்டால் கர்ப்பப்பைக்குள் பலூன் வைத்து உள்ளிருந்து அழுத்துவோம், அப்புறம் ஆபரேஷன்.

இப்போது நீங்கள் செய்யக்கூடியது: தங்கைக்கு ஹீமோகுளோபின் எவ்வளவு என்று பாருங்கள். ரத்தசோகை இருந்தால் குறைவான இழப்பையே உடம்பு தாங்காது, இரும்புச்சத்து மாத்திரையை விடவே கூடாது. ரத்த வங்கி இருக்கிற ஆஸ்பத்திரியா, அவசரமென்றால் எங்கே அனுப்புவார்கள் என்று இப்போதே கேட்டு வையுங்கள். வீட்டுக்கு வந்த பிறகும், ஆறு வாரம் வரை, ஒரு மணி நேரத்தில் ஒரு பேட் முழுக்க நனைந்தாலோ, பெரிய ரத்தக் கட்டிகள் விழுந்தாலோ, தலை சுற்றி நெஞ்சு படபடத்தாலோ, "பிரசவமானால் அப்படித்தான் இருக்கும்" என்று பெரியவர்கள் சொல்வதைக் கேட்டு உட்கார்ந்திருக்காதீர்கள். உடனே 108க்குப் போன் செய்யுங்கள்.