வெட்டாத வாள் எதற்கு?

கேள்வி: இடைக்கால ஐரோப்பிய வாள் ஒன்றின் படத்தைப் பார்த்தேன். அதற்கு வெட்டும் விளிம்பே இல்லை. நீண்ட இரும்புக் கம்பி போல இருந்தது. வெட்டாத வாளால் என்ன பயன்? அது கவசத்தைத் துளைக்குமா?

பதில்: நீங்கள் பார்த்தது பிரெஞ்சு மொழியில் ‘எஸ்டாக்’ எனப்படும் குத்துவாளாக இருக்க வேண்டும். குத்துவாள் என்றதும் நமக்குக் கைக்கடக்கமான ஆயுதமே நினைவுக்கு வரும். இதுவோ பெரும்பாலும் ஒரு மீட்டருக்கும் மேல் நீளமுள்ளது. 14ஆம் நூற்றாண்டில் எஃகுத் தகட்டுக் கவசம் பரவப் பரவ, எவ்வளவு வலுவாக ஓங்கி வெட்டினாலும் வாள் அதன்மீது வழுக்கிப் போயிற்று. வெட்டுவதற்கான அகன்ற, தட்டையான அலகு, நேராகக் குத்தும்போது வளைந்து கொடுத்துவிடும். எனவே கொல்லர்கள் அலகைக் குறுக்கி, குறுக்குவெட்டில் முக்கோணமாகவோ சதுரமாகவோ தடிப்பாக்கினார்கள். விளிம்பின் கூர்மையை இழந்த வாள், அதற்கு ஈடாக விறைப்பைப் பெற்றது.

ஆனால் நல்ல மார்புத் தகட்டை இந்த வாள் துளைத்துவிடும் என்று எண்ணிவிடக் கூடாது. பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் இதுதான். அக்குள், முழங்கையின் உட்புறம், தொடையிடுக்கு, முகமூடியின் கண்துளை எனத் தகடு மூட முடியாத இடங்களையே அது தேடியது. அவ்விடங்கள் சிலவற்றைக் காத்த, இரும்பு வளையங்களைக் கோத்துச் செய்த வளையக் கவசத்தில், கூர்நுனி ஒரே வளையத்துக்குள் புகுந்து, முழு விசையும் அங்கே குவிவதால், அவ்வளையத்தின் முனைகளை இணைக்கும் தறையாணி தெறித்துவிடக்கூடும்.

அசையும் எதிரியின் அக்குளில் அந்த நீண்ட நுனியைக் கொண்டு சேர்ப்பது எளிதன்று. அதனால் வலக்கையால் பிடியையும் இடக்கையால் அலகின் நடுப்பகுதியையும் பற்றி, வாளைக் குட்டை ஈட்டிபோல் செலுத்தினார்கள். 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலிய வாள் ஆசான் ஃபியோரே தெய் லிபேரி உருவாக்கிய பயிற்சி நூலின் ஓவியங்களில், கவசமணிந்த வீரர்கள் வாளை இப்படிப் பிடித்திருப்பதைக் காணலாம். கூரான வாளையும் இவ்வாறு பிடித்தார்கள் என்றாலும், விளிம்பில்லாத அலகு இப்பிடிக்கு மிகவும் பொருத்தமானது.

கேள்வி: குதிரை வீரர்களும் இதைப் பயன்படுத்தினார்களா?

பதில்: ஆம். 16, 17ஆம் நூற்றாண்டுகளில் போலந்தின் ஹுஸார் குதிரைப் படையினர், ‘கொன்செஷ்’ என்ற மிக நீண்ட குத்துவாளைச் சேணத்தோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். இடுப்பில் வளைவாள் தனியே தொங்கும். முதல் மோதலில் ஈட்டி முறிந்ததும், கொன்செஷை உருவி முன்னே நீட்டி, ஈட்டியின் வேலையை அதைக் கொண்டே தொடர்ந்தார்கள்.