சேலத்தில் ஓடுகிற நிரல் ஏற்காட்டில் ஏன் பாதியில் நிற்கிறது?

கேள்வி: ஏற்காட்டில் எங்கள் காப்பித் தோட்டத்தில் ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினி ஒன்றை வைத்திருக்கிறேன். மழைமானி காட்டும் அளவை மணிக்கொரு தரம் சேலத்தில் உள்ள சர்வருக்கு அனுப்பி, அது தரும் பதிலை வாங்க வேண்டும். சி மொழியில், நெட்வொர்க் இணைப்புக்கான சாக்கெட் கொண்டு, ஹெச்டிடிபி 1.1 கோரிக்கை அனுப்பும் நிரலை நானே எழுதினேன். சேலம் அஸ்தம்பட்டியில் அண்ணன் வீட்டு பிராட்பேண்டில் குறையே இல்லை. மேலே கொண்டுவந்து சிம் போட்ட டாங்கிளில் மாட்டியதும் பதில் பாதிதான் வருகிறது. தரவைப் பெறும் ரிசீவ் ஃபங்ஷனை லூப்பில் போட்டால் முழுசும் வருகிறது, ஆனால் அதன் பிறகு நிரல் உறைந்து நிற்கிறது. வரும் தரவை வாங்கி வைக்கும் பஃபரை 1,024 பைட்டிலிருந்து 65,536 ஆக்கியும் பலனில்லை. சிக்னல் கோளாறா, என் நிரலா?

பதில்: நிரல்தான். சிக்னல் அதைக் காட்டிக்கொடுத்திருக்கிறது, அவ்வளவே.

உங்கள் சாக்கெட் தரவைக் கொண்டுபோகப் பயன்படுத்தும் டிசிபி என்பது பைட்டுகளின் ஓட்டம். அதில் 'ஒரு செய்தி' என்ற எல்லையே கிடையாது. மேல் தொட்டியில் மூன்று குடம் ஊற்றினால் கீழே குழாயில் மூன்று குடமாகவா வந்து விழும்? சர்வர் ஒரே சென்ட் (அனுப்பும் ஃபங்ஷன்) அழைப்பில் அனுப்பிய 5,000 பைட் பதில், வழியில் 1,400 சொச்சம் பைட் கொண்ட பாக்கெட்டுகளாகப் பிரிந்துதான் வரும். நீங்கள் ரிசீவை அழைக்கும் நொடியில் எவ்வளவு வந்து சேர்ந்திருக்கிறதோ அதை மட்டும் அது கையில் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடும். பிராட்பேண்டில் எல்லாம் சட்டென வந்துவிட்டதால் ஒரே அழைப்பில் முழுப் பதிலும் கிடைத்தது. அது அதிர்ஷ்டம். மலையில் பாக்கெட்டுகள் தயங்கித் தயங்கி வருகின்றன. பஃபர் அண்டா அளவு இருந்தாலும், வராததை அது எப்படி நிரப்பும்?

ஆகவே லூப் சரி. லூப்பிலிருந்து எப்போது வெளியே வருவது என்பதில்தான் சிக்கல். ரிசீவ் பூஜ்யத்தைத் திருப்பித் தந்தால் எதிர்முனை இணைப்பை மூடிவிட்டது என்று பொருள். அந்தப் பூஜ்யத்துக்குத்தான் உங்கள் நிரல் காத்துக் கிடக்கிறது. ஆனால் ஹெச்டிடிபி 1.1-இல் இணைப்பைத் திறந்தே வைத்திருப்பதுதான் இயல்பு. அடுத்த கோரிக்கை வரும் என்று சர்வர் காத்திருக்கிறது, சர்வர் மூடும் என்று நீங்கள் காத்திருக்கிறீர்கள். பதில் முடிந்ததை ரிசீவ் சொல்லாது, பதிலின் தொடக்கத்தில் விவரங்களோடு வரும் ஹெடர்தான் சொல்லும். முதலில் வெற்று வரி வரும்வரை, அதாவது கேரேஜ் ரிட்டர்ன், லைன் ஃபீட் ஜோடி அடுத்தடுத்து இரண்டு முறை வரும்வரை படியுங்கள். அந்த நான்கு பைட்டுகளே இரண்டு ரிசீவுகளுக்கு இடையில் உடைந்து வரலாம். அதனால் புதிதாக வந்த துண்டில் மட்டும் தேடாமல், சேர்த்துவைத்த முழு பஃபரிலும் தேடுங்கள். பிறகு ஹெடரில் உள்ள கன்டென்ட்-லெங்த் சொல்லும் பைட் எண்ணிக்கை வரை, வெற்று வரிக்குப் பின் வரும் உடலைப் படியுங்கள்.

கன்டென்ட்-லெங்த் இல்லாமல் 'டிரான்ஸ்ஃபர்-என்கோடிங்: சங்க்ட்' என்று, அதாவது உடல் துண்டு துண்டாக வரும் என்று, வந்தால் வேலை கூடும். ஒவ்வொரு துண்டுக்கும் முன்னால் அதன் நீளம் பதினாறடிமான எண்ணில் இருக்கும், நீளம் பூஜ்யம் என்று வரும் துண்டோடு உடல் முடியும். உங்கள் வேலைக்கு அதைப் பிரித்தெழுதும் பாடு வேண்டாம் என்பேன். கோரிக்கையில் 1.1-க்குப் பதில் ஹெச்டிடிபி 1.0 என்று எழுதுங்கள். அப்போது சர்வர் துண்டு போடக் கூடாது, பதில் முடிந்ததும் பொதுவாக இணைப்பை மூடிவிடும். தளத்தின் பெயரைச் சொல்லும் ஹோஸ்ட் ஹெடரை மட்டும் விட்டுவிடாதீர்கள், 1.0-இல் கட்டாயமில்லை என்றாலும், ஒரே ஐபியில் பல தளங்கள் இருக்கும் சர்வருக்கு அது இல்லாமல் யாரைத் தேடுகிறீர்கள் என்று தெரியாது. கன்டென்ட்-லெங்த் வந்திருந்தால் கிடைத்த பைட்டுகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பூஜ்யம் வந்தது என்பதாலேயே பதில் முழுசாக வந்தது என்று ஆகிவிடாது.

நீங்கள் அனுப்பும் பக்கத்திலும் இதே கணக்கு உண்டு. தரவை அனுப்பும் போஸ்ட் கோரிக்கையில் கன்டென்ட்-லெங்த் என்பது பைட் எண்ணிக்கை, எழுத்து எண்ணிக்கை அல்ல. 'சேலம்' கண்ணுக்கு மூன்று எழுத்து, எழுத்துகளை பைட்டுகளாக்கும் யுடிஎஃப்-8 முறையில் 15 பைட். ஸ்டிரிங் நீளம் பார்க்கும் ஃபங்ஷன் தரும் எண்ணை அப்படியே போட்டால் சரியாக வரும், கையால் எண்ணிப் போட்டால்தான் வம்பு. சென்டும் கொடுத்ததில் ஒரு பகுதியை மட்டும் அனுப்பிவிட்டுத் திரும்பலாம், அதையும் லூப்பில் வையுங்கள். ரிசீவ் கொண்டுவரும் தரவின் கடைசியில், ஸ்டிரிங் முடிந்ததைக் காட்டும் நல் பைட் இருக்காது. பஃபரில் ஓரிடம் மிச்சம் வைத்து நீங்களே போட வேண்டும்.

சிக்னல் நடுவில் அறுந்தால் மேலே சொன்ன எதுவும் உதவாது. எதிர்முனை மூடவும் இல்லை, தரவும் இல்லை என்னும்போது ரிசீவ் நாள் கணக்கில் காத்திருக்கும். சாக்கெட்டின் அமைப்புகளை மாற்றும் செட்சாக்ஆப்ட் வழியாகப் பெறுவதற்கும் அனுப்புவதற்கும் தலா 20 அல்லது 30 நொடி டைம்அவுட் வையுங்கள். லினக்ஸில் அனுப்பும் டைம்அவுட், இணைப்பை ஏற்படுத்தும் கனெக்டுக்கும் பொருந்தும். அது இல்லையென்றால் பதிலே தராத முகவரிக்கு கனெக்ட் இரண்டு நிமிடத்துக்கு மேல் முயன்றுகொண்டிருக்கும்.

சர்வரின் பெயரை ஐபி முகவரியாக்க கெட்-ஹோஸ்ட்-பை-நேம் என்ற பழைய ஃபங்ஷனைப் பயன்படுத்தியிருந்தால் மாற்றிவிடுங்கள். கல்லூரி லேப் நோட்டுகளில் அது இன்னும் உயிரோடு இருக்கிறது! அதற்குப் பதிலான கெட்-அட்ரஸ்-இன்ஃபோ ஐபிவி4, ஐபிவி6 இரண்டு முகவரிகளையும் பட்டியலாகத் தரும். முதல் முகவரி கைகொடுக்காவிட்டால் அடுத்ததற்குப் போங்கள். மொபைல் நெட்வொர்க்கில் இது முக்கியம்.

சர்வர் 443 போர்ட்டில், மறையாக்கம் செய்த ஹெச்டிடிபிஎஸ் மட்டும்தான் பேசும் என்றால் வெறும் சாக்கெட் போதாது, ஓபன்எஸ்எஸ்எல் போன்ற மறையாக்க நூலகம் வேண்டும். அந்தக் கட்டத்தில், இந்த வேலைகளையெல்லாம் தானே செய்யும் லிப்கர்ல் நூலகத்தின் பக்கம் போய்விடுவதே புத்திசாலித்தனம். கற்றுக்கொள்ளக் கையால் எழுதுங்கள், தோட்டத்தில் வருஷக்கணக்கில் ஓடுவதற்கு லிப்கர்ல்.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. போஸ்ட் போய், பதில் வருமுன் டைம்அவுட் ஆனால் அளவு சர்வரில் பதிவானதா இல்லையா என்று உங்கள் பக்கத்திலிருந்து தெரிந்துகொள்ள வழியில்லை. மறுபடி அனுப்பினால் ஒரே மழை இரண்டு முறை பதிவாகலாம். அளவோடு அது எடுக்கப்பட்ட தேதியையும் நேரத்தையும் சேர்த்தனுப்பி, அதே நேரத்துக்கான பதிவு ஏற்கெனவே இருந்தால் புதிதாகச் சேர்க்காமல் விட்டுவிடும்படி சர்வர் பக்கம் எழுதச் சொல்லுங்கள்.