பட்டறைப் பக்கம்: வாசலில் வைத்தே ஆயில் மாற்றலாமா?

(வாசகர் கேள்விகளுக்கு, தருமபுரி – பென்னாகரம் சாலையில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் பதில் சொல்கிறார்.)

எங்களிடம் இருப்பது 2015 வேகன் ஆர், பெட்ரோல். வாரன்டி எப்போதோ முடிந்துவிட்டது. ஆயிலையும் ஃபில்டரையும் வீட்டு வாசலிலேயே மாற்றிவிடலாம் என்கிறான் மகன். விடலாமா? – வாசகர், பாலக்கோடு

தாராளமாக விடுங்கள். ஆனால் தம்பியிடம் முதலில் ஒன்று கேளுங்கள்: காருக்கு அடியில் எப்படிப் போகப்போகிறான்?

வண்டியோடு வருகிற ஜாக்கி ஸ்டெப்னி மாற்றுவதற்கு மட்டும்தான். அதை நம்பி ஆள் அடியில் படுக்கவே கூடாது. நம்ம பக்கம் கிரானைட் துண்டுக்குப் பஞ்சமில்லை என்பதால் ஆளாளுக்கு அதைத்தான் முட்டுக் கொடுக்கிறார்கள். பாலிஷ் போட்ட கல்லில் இரும்பு வழுக்கும். ஹாலோ பிளாக் இன்னும் மோசம், முன்கூட்டி விரிசல் காட்டாமல் ஒரே நொடியில் நொறுங்கிவிடும். ஒரு ஜோடி ஜாக்கி ஸ்டாண்ட் வாங்குங்கள். மண் தரையாக இருந்தால் ஸ்டாண்டுக்கு அடியில் கனமான பலகை வேண்டும். ஹேண்ட்பிரேக் போட்டு, பின் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, வண்டியைக் கையால் நன்றாகக் குலுக்கிப் பார்த்த பிறகு படுக்கட்டும். வாசல் சரிவாக இருந்தால் இந்த வேலையே வேண்டாம், பட்டறைக்கு வந்துவிடுங்கள்.

சரி, இனி வேலை. இன்ஜினை இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு அணையுங்கள். ஆயில் வெதுவெதுப்பாக இருந்தால் போதும், இளகி நன்றாக இறங்கும். சேலம் போய்விட்டு வந்த சூட்டோடு போல்ட்டில் கை வைத்தால் முழங்கை வரை வெந்துவிடும். மேலே ஆயில் ஊற்றுகிற மூடியைத் திறந்து வையுங்கள்.

இன்ஜினுக்குக் கீழே ஆயில் தேங்கும் தொட்டிதான் சம்ப். அதன் அடியில், ஆயிலை வடிக்கிற டிரெயின் போல்ட் இருக்கும். பல கார்களில் அதற்கு 17-ஆம் நம்பர் ஸ்பேனர், சிலவற்றில் 14. ரிங் ஸ்பேனரோ சாக்கெட்டோ போடுங்கள். ஓப்பன் ஸ்பேனர் போட்டால் போல்ட் தலையின் முனை மழுங்கிவிடும். மல்லாந்து படுத்திருக்கும்போது வலமா இடமா என்று குழம்பும். போல்ட் தலையை நேருக்கு நேர் பார்த்து, கடிகார முள்ளுக்கு எதிர்ப்பக்கம் திருப்ப வேண்டும். இறுக்கம் விட்டதும் ஸ்பேனரை வைத்துவிட்டு விரலால் சுற்றுங்கள். போல்ட்டை மேல்நோக்கி அழுத்திக்கொண்டே சுற்றினால் கடைசி மரை வரைக்கும் ஆயில் கசியாது. மரை விட்டது தெரிந்ததும் சட்டென்று கையை இழுத்துக்கொள்ள வேண்டும். போல்ட் பக்கவாட்டில் பார்த்திருந்தால் ஆயில் நேராக விழாது, எதிரே தள்ளிப் பாயும். வேகம் குறையக் குறையக் கிட்டே வரும். சட்டியை அதற்குத் தகுந்தபடி நகர்த்த வேண்டும். இதைச் சொல்லித் தராமல் விட்டால் உங்கள் வாசல் சிமென்டில் ஒரு கறுப்புப் படம் வரைந்துவிடுவான், அது போகவே போகாது.

சொட்டு நின்ற பிறகு போல்ட்டுக்குப் புது வாஷர் போட்டு, முதல் சில சுற்றுகளைக் கையாலேயே ஏற்றுங்கள். கையால் ஏறவில்லை என்றால் மரை கோணலாகப் பிடிக்கிறது என்று அர்த்தம், கழற்றி மறுபடி வையுங்கள். இறுக்குவதற்கு டார்க் ரெஞ்ச் (எவ்வளவு இறுக்கம் என்று அளவு காட்டும் ஸ்பேனர்) இருந்தால் மேனுவலில் உள்ள அளவுக்கு வைக்கலாம். இல்லாவிட்டால் சின்ன ஸ்பேனரில் ஒரு கை பலம் போதும். ஸ்பேனரில் பைப்பை மாட்டிக் காலால் மிதித்து இறுக்குகிறவர்கள் அடுத்த தடவை மரை போன சம்ப்போடு என்னிடம் வருகிறார்கள். ஆயில் மாற்றுகிற கூலி அதற்குக் கால் தூசு.

ஃபில்டரில் பார்க்க வேண்டியது ரப்பர் வளையம். பழைய ஃபில்டரைக் கழற்றியதும் அதன் வாயில் வளையம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால் அது இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. கறுப்பின் மேல் கறுப்பு, கண்ணுக்குத் தெரியாது, விரலால் தடவித்தான் பார்க்க வேண்டும். அதன்மேல் புதுசை ஏற்றிவிட்டால் ஸ்டார்ட் செய்ததும் பிரஷரில் ரப்பர் பிதுங்கி, ஊற்றிய ஆயில் எல்லாம் வெளியே வந்துவிடும். புது ஃபில்டரின் வளையத்தில் புது ஆயிலைத் தொட்டுத் தடவி, ரப்பர் இன்ஜின் முகத்தைத் தொட்ட பிறகு கையாலேயே முக்கால் சுற்று இறுக்குங்கள். ஃபில்டர் ரெஞ்ச் கழற்றுவதற்குத்தான், பூட்டுவதற்கு இல்லை.

உங்கள் வண்டிக்குச் சுமார் 3 லிட்டர் பிடிக்கும். சரியான அளவும் கிரேடும் மேனுவலில் இருக்கும். கொஞ்சம் குறைவாகவே ஊற்றி ஸ்டார்ட் செய்யுங்கள், ஆக்ஸிலேட்டரை மிதிக்காதீர்கள். சிவப்பு ஆயில் லைட் சில நொடியில் அணைய வேண்டும். அணையாவிட்டால் உடனே நிறுத்துங்கள். அணைந்தால் கசிவு இருக்கிறதா பார்த்துவிட்டு, இன்ஜினை அணைத்து, வண்டியைச் சமதரையில் இறக்கி, ஐந்து நிமிடம் கழித்து ஆயில் அளவு காட்டும் குச்சியை, அதாவது டிப்ஸ்டிக்கைத் துடைத்துப் பாருங்கள். மேல் கோட்டைத் தாண்ட வேண்டாம். ஆயில் அதிகமானால் இன்ஜினுக்குள் சுற்றுகிற கிராங்க் தண்டு அதை அடித்து நுரையாக்கிவிடும், நுரைக்குப் பிரஷரும் இல்லை, வழவழப்பும் இல்லை.

ஸ்டாண்டு, சட்டி, ரெஞ்ச் எல்லாம் வாங்கினால் முதல் தடவை என் கூலியைவிடச் செலவு அதிகம்தான். அடுத்தடுத்த தடவைகளில் மிச்சமாகும். எனக்கு ஒரு வாடிக்கையாளர் குறைவார், பரவாயில்லை.

எடுத்த பழைய ஆயிலை தென்னைக்கு அடியில் ஊற்றினால் வண்டு வராது என்கிறார்கள். வேலிக் கம்பத்துக்கும் பூசுகிறோம். தப்பா? – வாசகர், அரூர்

தப்புதான். தென்னைக்கு அது மருந்து இல்லை. வேரில் இறங்கினால் மரத்துக்கே கெடுதல், அப்புறம் கிணற்றுக்கு. நம் மாவட்டத்து நிலத்தடி நீரில் ஏற்கெனவே ஃப்ளோரைடு. பிள்ளைகள் பல்லில் கறை விழுகிறது என்றுதானே ஒகேனக்கல்லிலிருந்து காவிரித் தண்ணீரைக் குழாயில் கொண்டுவந்தார்கள்? மிச்சமிருக்கிற கிணற்றில் ஆயிலையும் கலக்க வேண்டாம்.

ஓடித் தேய்ந்த ஆயிலில் உலோகத் துகளும் எரிந்த கழிவும் இருக்கும். நீண்ட காலம் திரும்பத் திரும்பத் தோலில் பட்டால் புற்றுநோய் வரை போகலாம். என் பட்டறைப் பையன்களுக்குக் கையுறை கட்டாயம், பெட்ரோலில் கை கழுவினால் திட்டு விழும். 2016-ஆம் வருட மத்திய அரசு விதிகளின்படி இது அபாயகரமான கழிவு. புது ஆயில் வந்த காலி கேனிலேயே பழையதை ஊற்றி மூடி, அனுமதி பெற்ற ஆட்களுக்குப் பழைய ஆயில் கொடுக்கிற பட்டறையில் சேர்த்துவிடுங்கள். ஃபில்டரை ஓர் இரவு கவிழ்த்து வைத்து வடித்துவிட்டு அதையும் கொடுங்கள். தண்ணீரோ பெட்ரோலோ அதில் கலந்துவிடாதீர்கள், அப்புறம் வாங்க மாட்டார்கள்.

தொப்பூர் கணவாய் வழியாக அடிக்கடி போகிறேன். வெயிலும் அதிகம். 5W-30-க்குப் பதில் கெட்டியான 20W-50 போட்டால் இன்ஜினுக்குப் பாதுகாப்புதானே? – வாசகர், கிருஷ்ணகிரி

இல்லை. இன்ஜின் சூடேறிய பிறகு உள்ளே இருக்கிற வெப்பத்தை தெர்மோஸ்டாட்டும் ரேடியேட்டரும் பார்த்துக்கொள்கின்றன. வெளியே 30 டிகிரியா 40 டிகிரியா என்பது ஆயிலுக்கு அவ்வளவு பெரிய விஷயம் இல்லை. தேய்மானம் அதிகம் நடப்பது காலையில் முதல் ஸ்டார்ட்டில். அப்போது ஆயில் சீக்கிரம் மேலே ஏற வேண்டும். முன்னால் இருக்கிற எண் சின்னதாக இருந்தால் குளிரில் சீக்கிரம் ஓடும். பின்னால் இருப்பது சூட்டில் எவ்வளவு கெட்டி என்பது. இப்போதைய இன்ஜின்களில் இடைவெளி நுணுக்கம், கெட்டி ஆயில் போட்டால் மைலேஜும் குறையும்.

தொப்பூரில் நீங்கள் சேலம் பக்கம் இறங்குகிறீர்கள். அங்கே கவலைப்பட வேண்டியது பிரேக்கைப் பற்றி. கியரைக் குறைத்து இறங்குங்கள்.

பிஎஸ்6 டீசல் கார். டிப்ஸ்டிக்கில் ஆயில் குறையாமல் கூடிக்கொண்டே போகிறது. லாபம்தானே? – வாசகர், ஓசூர்

கூடுவது ஆயில் இல்லை, டீசல். புகைக்கரியைப் பிடிக்கிற டிபிஎஃப் தன்னைச் சுத்தம் செய்ய, கூடுதலாக டீசலை உள்ளே விட்டுச் சூடேற்றும். ஊருக்குள்ளேயே சின்னச் சின்ன ஓட்டமாக ஓட்டி, அது முடிவதற்குள் வண்டியை அணைத்தால் அந்த டீசல் சிலிண்டர் சுவரில் வழிந்து ஆயிலில் சேரும். மேல் கோட்டைத் தாண்டிவிட்டால் கிலோமீட்டர் ஆகவில்லையே என்று பார்க்காமல் மாற்றுங்கள். டிபிஎஃப் வண்டிக்கு என்று மேனுவலில் சொன்ன, சாம்பல் குறைவான ஆயில்தான் போட வேண்டும். அவ்வப்போது பெங்களூரு ரோட்டில் நிறுத்தாமல் அரை மணி நேரம் ஓட்டுங்கள்.

வருடத்துக்கு 3,000 கிலோமீட்டர்தான் ஓடுகிறது. 10,000 வரும்வரை பொறுக்கலாமா? – வாசகி, காவேரிப்பட்டணம்

வேண்டாம் அம்மா. உங்கள் மேனுவலில் 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ என்று இருக்கும். சந்தைக்கும் கோயிலுக்கும் மட்டும் ஓடுகிற வண்டியில் இன்ஜின் முழுச் சூடு ஏறுவதே இல்லை, உள்ளே படிகிற ஈரம் ஆவியாகாமல் ஆயிலில் தங்கிவிடும். ஆயில் ஊற்றுகிற மூடியின் அடியில் மோர் நிறத்தில் ஏதாவது படிந்திருக்கிறதா என்று பாருங்கள். படிந்திருந்தால் கூலன்ட் அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். அதுவும் குறைந்திருந்தால் கேஸ்கெட் (இன்ஜின் இணைப்பில் கசியாமல் அடைக்கிற தகடு) வேலை இருக்கலாம்.

டீசல் காரில் ஆயில் மாற்றிய மறுநாளே கறுத்துவிட்டது. ஏமாற்றிவிட்டார்களா? – வாசகர், ஊத்தங்கரை

நிறத்தை வைத்துச் சொல்ல முடியாது. டீசலில் கரி அதிகம், உள்ளே ஒட்டியிருக்கும் பழைய மிச்சமே புது ஆயிலைக் கறுப்பாக்கிவிடும். சந்தேகம் தீர வேண்டுமானால் அடுத்த தடவை கூடவே நின்று, சீல் உடைப்பதைப் பாருங்கள். பழைய ஃபில்டரையும் காலி கேனையும் கேட்டு வாங்கி, கேனை அங்கேயே கத்தியால் கிழித்துவிடுங்கள். கிழியாத காலி கேனுக்கு டூப்ளிகேட் ஆயில் விற்கிற ஆட்களிடம் கிராக்கி உண்டு.