பயறும் காய்கறியும் மலிவுதானே, பிறகு ஏன் ஏழைகள் உடம்புக்கு ஆகாததைச் சாப்பிடுகிறார்கள்?

அறியாமைதான் காரணம் என்று பலர் சட்டென்று சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கையில் இருக்கும் காசுக்கு எத்தனை வயிறு நிறையும் என்பதுதான் அங்கே முதல் கணக்கு. 100 கிராம் எண்ணெயில் ஏறக்குறைய 900 கலோரி, சர்க்கரையில் 400-ஐ ஒட்டி. அதே எடை தக்காளியில் 20-ஐக்கூடத் தொடாது. அதனால் மாவும் சர்க்கரையும் எண்ணெயும் சேர்ந்த பண்டம் குறைந்த செலவில் பசியை அடக்கிவிடுகிறது. சீக்கிரம் கெட்டும் போகாது.

பலரும் யோசிக்காத ஒன்று, வீணாகிவிடுமோ என்ற பயம். ஒரு புதுக் காய் குழந்தைக்குப் பிடிக்க, அதைப் பத்துத் தடவையாவது தட்டில் வைக்க வேண்டியிருக்கும். வசதியான வீட்டில், துப்பினால் வேறொன்று தருவார்கள். மாதக் கடைசியில் பர்ஸைத் துழாவும் தாய்க்கு, அந்தத் துப்பல் ஒரு வேளைச் சாப்பாடு. பிள்ளை நிச்சயம் சாப்பிடும் பிஸ்கட்டை அவர் வாங்குவதில் என்ன தவறு?

பயறு மலிவு என்பது உண்மை. ஆனால் அதை ஊறவைத்து வேகவைக்க நேரமும் எரிபொருளும் வேண்டும். இரண்டு இடத்தில் வேலை பார்த்துவிட்டு இரவு திரும்புகிறவரிடம் அவை இருக்காது.

முட்டை, முட்டைக்கோஸ், கேரட், உலர்ந்த பயறு வகைகள் பல இடங்களில் கட்டுப்படியாகும். என்றாலும், உலகில் 250 கோடிக்கும் மேற்பட்டோருக்குச் சத்தான உணவு எட்டாத விலையில் இருக்கிறது என்பது ஐ.நா. அமைப்புகளின் மதிப்பீடு. அவர்களுக்கு அறிவுரையைவிட, கூலி உயர்வும் பள்ளியில் சத்தான மதிய உணவும்தான் உதவும்.