கார் இல்லாமல் ஓர் இங்கிலாந்துக் கிராமம்: காசில்டனில் இரண்டு நாள்

கேள்வி: மான்செஸ்டரிலிருந்து இரண்டு நாள் போய்வர ஒரு சின்ன இங்கிலாந்துக் கிராமம் சொல்லுங்கள். கார் கிடையாது. கூட அப்பா அம்மா வருகிறார்கள். பார்க்க என்னென்ன இருக்கும்?

டெர்பிஷையரில் இருக்கும் காசில்டனுக்குப் போங்கள். 1951-ல் பிரிட்டனின் முதல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட பீக் டிஸ்ட்ரிக்டின் நடுவில் இருக்கிற ஊர். ஊரைக் குறுக்கே கடக்கப் பத்து நிமிடம் போதும். ஆனால் நடந்தே போகும் தூரத்தில் ஒரு கோட்டை, நான்கு குகைகள், ஒரு கணவாய், ஒரு மலைமுகடு எல்லாம் இருக்கின்றன.

இவ்வளவும் ஒரே இடத்தில் சேர்ந்ததற்குக் காரணம் காலடியில் இருக்கிற கல். ஊருக்குத் தெற்கே வெள்ளைச் சுண்ணாம்புக்கல். வடக்கே கருமையான களிப்பாறையும் மணற்பாறையும். இரண்டும் சந்திக்கிற கோட்டில்தான் காசில்டன் உட்கார்ந்திருக்கிறது. சுண்ணாம்புக்கல்லை நீர் கரைத்ததால் குகைகள் வந்தன. களிப்பாறை வலுவில்லாததால் எதிரே மலை சரிகிறது. பள்ளத்தாக்கின் நடுவே பெரிய சிமென்ட் ஆலை ஒன்றும் நிற்கும். அழகான கிராமத்துக்குப் பக்கத்தில் இது எப்படி என்று பலர் முகம் சுளிப்பார்கள். சிமென்டுக்குச் சுண்ணாம்புக்கல்லும் களிப்பாறையும் சேர்ந்தே வேண்டும் என்பதால்தான் அது அங்கே வந்தது.

முதலில் ரயில். காசில்டனில் நிலையம் இல்லை. இறங்க வேண்டியது ஹோப். மான்செஸ்டர் பிக்காடிலியிலிருந்து ஷெஃபீல்டு போகும் பாதையில், முக்கால் மணி நேரத்துக்குச் சற்று மேல். பலர் தவறுவது இங்கேதான்: அதே பாதையில் ஓடும் விரைவு ரயில்கள் ஹோப்பில் நிற்காமல் ஷெஃபீல்டுக்கே போய்விடும். எல்லா நிலையங்களிலும் நிற்கும் நார்தர்ன் ரயிலில் ஏறுங்கள். மணிக்கு ஒன்றுதான் என்பதால் நேரம் பார்த்துக் கிளம்புங்கள். ஹோப் நிலையத்திலிருந்து காசில்டன் மூன்றரைக் கிலோமீட்டர் போல. ஷெஃபீல்டிலிருந்து வரும் 272 பேருந்து நிலையத்தை ஒட்டிய சாலை வழியாகக் காசில்டன் போகும். பெட்டி இல்லையென்றால் ஹோப் ஊரிலிருந்து ஓடைக்கரை ஒற்றையடிப்பாதையில் நடக்கலாம்; ஏற்றமே இல்லை.

ஓர் இரவாவது ஊரில் தங்குங்கள். பகலில் வருகிற கூட்டம் மாலை ஐந்துக்கு மேல் கரைந்துவிடும், அதற்குப் பிறகுதான் ஊரின் முகம் தெரியும். காலை உணவோடு அறை தரும் பி அண்ட் பி வீடுகளில் சனிக்கிழமைக்கு மட்டும் அறை தர யோசிப்பார்கள், இரண்டு இரவு கேட்பார்கள். வாரநாள் என்றால் எளிது.

எந்த நாளில் எதைப் பார்ப்பது என்பதை வானத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். முகடு தெளிவாகத் தெரிகிற நாளில் மேலே ஏறுங்கள், மேகம் இறங்கியிருந்தால் குகைக்குள் போங்கள். இதற்கு ஒரு விலக்கு உண்டு. ஸ்பீட்வெல் குகையில் படகில்தான் போக வேண்டும். கனமழைக்குப் பின் உள்ளே நீர்மட்டம் ஏறினால் படகை நிறுத்திவிடுவார்கள். மழை பிடித்துக்கொண்டால் கிளம்புமுன் கேட்டுக்கொள்வது நல்லது.

நான்கு குகைகளையும் பார்க்கத் தேவையில்லை, இரண்டு போதும். பெரியவர்களுக்கு முதலில் பீக் கேவர்ன். ஊர்நடுவிலிருந்து ஓடையோரமாக ஐந்து நிமிட நடை. அதன் வாய், பிரிட்டனின் இயற்கைக் குகை வாய்களிலேயே பெரியது. ஈயச் சுரங்கங்களுக்குக் கயிறு திரித்த குடும்பங்கள் பல நூற்றாண்டுகள் அந்த வாய்க்குள்ளேயே வீடு கட்டி வாழ்ந்தன. உள்ளே இருந்த ஈரக்காற்று நார் திரிக்கத் தோதாக இருந்தது. கூரையை அண்ணாந்து பாருங்கள், அவர்கள் அடுப்புப் புகைக்கரி இன்னும் படிந்திருக்கும்.

இரண்டாவதை முழங்கால் தீர்மானிக்கட்டும். ஸ்பீட்வெல், 1770-களில் ஈயம் தேடி வெடிமருந்து வைத்துக் குடைந்த சுரங்கம். நூற்றுக்கு மேற்பட்ட படிகள் இறங்கி, தலை இடிக்கிற உயரத்தில் நீர் நிறைந்த குடைவுக்குள் படகில் போகிறோம். குனிய முடியாதவர்களுக்கும் இடுக்குக்குப் பயப்படுகிறவர்களுக்கும் வேண்டாம். புளூ ஜான் கேவர்னில் இருநூறுக்கு மேல் படிகள். இறங்குவது சுலபம், திரும்ப ஏறுவதுதான் வேலை. ட்ரீக் கிளிஃப் நடுத்தரம். சுண்ணாம்புத் தொங்கூசிகள் அங்கேதான் அழகு, நீலமும் மஞ்சளும் வரிவரியாக ஓடும் புளூ ஜான் கல்லையும் பாறையிலேயே பார்க்கலாம். அந்தக் கல் ஃபுளோரைட்டில் ஒரு வகை. இந்தக் குன்றில்தான் வெட்டுகிறார்கள். கடையில் சின்னத் துண்டுக்கே விலை ஏன் அவ்வளவு என்பதற்கு அதுதான் பதில். கோடையிலும் குகைக்குள் பத்து டிகிரியைத் தாண்டாது, ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள்.

பெவரில் கோட்டை ஊருக்கு நேர் மேலே. இங்கிலாந்தின் நிலங்களைக் கணக்கெடுத்த 1086-ன் டூம்ஸ்டே பதிவேட்டிலேயே இது வருகிறது. இப்போது நிற்கும் சதுரக் கோபுரம் 1176-ல் இரண்டாம் ஹென்றி மன்னர் கட்டியது. கட்டடம் சிறியது. ஆனால் மேலே நின்றால் ஊரின் தெருக்கட்டு முழுவதும் விரிப்பாகத் தெரியும். வளைந்து வளைந்து ஏறும் பாதை செங்குத்து, வழியில் உட்கார்ந்து ஏறலாம். கோட்டைக்குப் பின்னால் இருக்கும் கேவ் டேல் பள்ளத்தில் மழைநாளில் இறங்காதீர்கள். பல பேர் கால் பட்டு வழவழப்பான சுண்ணாம்புக்கல், ஈரத்தில் சோப்பு மாதிரி. நல்ல பூட்ஸும் அதில் வழுக்கும்.

இனி முகடு. இந்த ஊருக்கு வந்து இதைத் தவறவிடக்கூடாது. 517 மீட்டர் உயர மாம் டோர் உச்சியிலிருந்து ஹாலின்ஸ் கிராஸ், பேக் டோர் வழியாக லூஸ் ஹில் வரை ஒரே நீள முதுகு. இடது பக்கம் ஈடேல் பள்ளத்தாக்கு, வலது பக்கம் காசில்டன். இங்கே காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து அடிக்கும். அதனால் மாம் டோரில் தொடங்கிக் கிழக்கே நடந்தால் காற்று முதுகைத் தள்ளும். எதிர்த்திசையில் போனால் முகத்தில் அறையும். ஊரிலிருந்து வின்னட்ஸ் கணவாய் ஏறி, மாம் டோர், லூஸ் ஹில் பார்த்து ஹோப்பில் இறங்கினால் பன்னிரண்டு கிலோமீட்டருக்குள், நான்கரை மணி நேரம். மான்செஸ்டருக்குத் திரும்பும் நாளில் இதை வைத்தால் நிலையத்தருகே முடியும். சின்ன முதுகுப்பையாக இருந்தால் போதும்.

அப்பா அம்மாவுக்கு அவ்வளவு முடியாவிட்டால் மேலே மாம் நிக் கார் நிறுத்தம் வரை டாக்சியில் போகலாம். அங்கிருந்து உச்சிக்குக் கல் பாவிய பாதை, இருபது நிமிடம். முதல் நாளே தங்கும் வீட்டில் சொல்லி டாக்சி ஏற்பாடு செய்யுங்கள், அன்றைக்கே கேட்டால் கிடைக்காது.

வின்னட்ஸ் சாலையில் நடைபாதை இல்லை, ஐந்தடிக்கு ஓரடி ஏறுகிற செங்குத்து. ஓரப் புல்லில் நடங்கள். இந்தச் செங்குத்துக்கு மாற்றாகத்தான் மாம் டோரின் அடிவாரத்தில் இன்னொரு சாலை போட்டார்கள். மலை சரியச் சரியப் பலமுறை செப்பனிட்டு, கடைசியில் 1979-ல் மூடிவிட்டார்கள். தார்ச்சாலை அடுக்கடுக்காக வெடித்து ஆளுயரம் உட்கார்ந்து கிடப்பதை இன்றும் நடந்து பார்க்கலாம். வழித்தடத்தில் இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வயல் வழியாக நடக்கும்போது மஞ்சள் அம்பு நடப்பவருக்கு, நீல அம்பு குதிரைக்கும் சைக்கிளுக்கும் சேர்த்து. கேட்டைத் திறந்தால் மூடிவிட்டுப் போங்கள். கன்றோடு நிற்கும் பசுவைச் சுற்றிக்கொண்டு போங்கள். எதிரே தெரியும் கிண்டர் ஸ்கவுட் மேட்டில் இந்த நடக்கும் உரிமைக்காக 1932 ஏப்ரல் 24-ல் நூற்றுக்கணக்கானோர் தடையை மீறி ஏறினார்கள்; ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். ஃபோன் சிக்னல் பள்ளத்தில் அடிக்கடி போய்விடும், வரைபடத்தை முன்பே இறக்கிக்கொள்ளுங்கள். மலையில் அடிபட்டால் 999 அழைத்துப் போலீஸ் என்று சொல்லி, பிறகு மௌண்டன் ரெஸ்கியூ (மலை மீட்புக் குழு) கேளுங்கள்.

சாப்பாட்டில் நேரம்தான் சிக்கல். பப்களில் மதியச் சமையல் இரண்டரைக்கெல்லாம் நின்று மாலைதான் திரும்பத் தொடங்கும் இடங்கள் உண்டு. கவுண்டரில் மேசை எண்ணைச் சொல்லி ஆர்டர் கொடுப்பதுதான் வழக்கம். சைவம் கிடைக்கும், வகை குறைவு. காலை உணவுக்குச் சைவம் வேண்டுமென்றால் முந்தைய இரவே சொல்லிவிடுங்கள்.

மூன்றாவது நாள் கிடைத்தால் ஈம் (Eyam) என்ற கிராமம். எழுத்தைக் கூட்டி வாசித்தால் ‘ஈயம்’ என்று வரும், ஊர்க்காரர்கள் ஈம் என்பார்கள். 1665-ல் லண்டனிலிருந்து வந்த துணிமூட்டையோடு பிளேக் வந்தபோது, நோய் பரவாதிருக்க ஊரே எல்லையைத் தாண்டாமல் தன்னை அடைத்துக்கொண்டது. வெளியூர்க்காரர்கள் எல்லைக் கல்லருகே உணவு வைப்பார்கள். ஈம்காரர்கள் அதன் குழிகளில் வினிகர் ஊற்றிக் காசு போட்டுவைப்பார்கள். இன்றும் அந்தக் கல்லைத் தொட்டுப் பார்க்கலாம். காசில்டனிலிருந்து பேருந்து மாறிப் போக வேண்டும், அரைநாள் ஒதுக்குங்கள்.

மே கடைசியில் வர முடிந்தால் 29-ஆம் தேதியைக் குறிவையுங்கள். அன்று ‘கார்லண்ட் டே’. இடுப்பு வரை மூடும் மணி வடிவப் பூக்கூடையை அணிந்த ஒருவர் குதிரையில் ஊரைச் சுற்றி வருவார், பிறகு அந்தப் பூக்கூடையைத் தேவாலயக் கோபுரத்தின் உச்சிக்குக் கயிறு கட்டி இழுப்பார்கள். தேதி ஞாயிறில் விழுந்தால் சனிக்கிழமையே நடக்கும். அறை பல மாதம் முன்பே போட வேண்டும். டிசம்பரில் வந்தால் நான்கு மணிக்கு முன்பே இருட்டிவிடும். முகட்டிலிருந்து இரண்டரைக்குள் இறங்கத் தொடங்குங்கள். ஜூனில் ஒன்பதரை வரை வெளிச்சம் இருக்கும், அப்போது மாம் டோருக்குச் சாப்பாடு முடிந்த பிறகு ஏறினாலும் போதும்.